மூளை சுருங்குகிறதா, மருந்து சுருக்குகிறதா?

அன்புள்ள சகோதரி, உங்கள் கேள்வி மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோய் இருப்பதாகக் கண்டறிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அம்மாவுக்கு மனச்சோர்வு நோய் மூன்று முறை வந்திருக்கிறது. இப்போது மாத்திரையின் துணையோடு நன்றாக இருக்கிறார். இருவருடைய எம்.ஆர்.ஐ. அறிக்கையும் எல்லாம் இயல்பாக இருப்பதாகவே சொல்கிறது. ஆனால் இந்த நோய்களில் மூளை சுருங்கும் என்று ஓரிடத்திலும், சுருக்குவது நோயல்ல, மருந்துகளே என்று இன்னோர் இடத்திலும் படித்துவிட்டு, மாத்திரைகளை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். ஏனென்றால் அதுதான் காத்திருக்க முடியாதது. மருத்துவருடன் பேசாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். குறிப்பாகத் தம்பியின் மருந்தைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்தானது. அதே வேளையில், மருந்துக்கும் மூளையின் அளவுக்கும் தொடர்பே இல்லை என்று உங்களைச் சமாதானப்படுத்தவும் நான் முயலப்போவதில்லை. தொடர்பு இருக்கிறது. அதற்கு என்ன பொருள், அதை எதன் பக்கத்தில் வைத்து எடைபோட வேண்டும் என்பதில்தான் குழப்பம் நேர்ந்திருக்கிறது.

ஸ்கேன் இயல்பாக இருப்பதும், மூளையில் மாற்றம் உண்டு என்று ஆய்வுகள் சொல்வதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. 1976-இல் இங்கிலாந்தின் நார்த்விக் பார்க்கில் ஈவ் ஜான்ஸ்டன், டிம் குரோ ஆகியோரின் குழு, நெடுங்காலம் மருத்துவமனையிலேயே வாழ்ந்துவந்த 17 மனச்சிதைவு நோயாளிகளைச் சி.டி. ஸ்கேன் செய்து பார்த்தது. மூளைக்குள் திரவம் நிறைந்திருக்கும் உள்ளறைகள், நலமாக இருப்பவர்களுடையதைவிட அவர்களுக்குச் சராசரியில் பெரியவையாக இருந்தன. பிள்ளைக்கு மனச்சிதைவு வந்ததற்குத் தாயின் வளர்ப்பே காரணம் என்ற கொடிய கருத்து முழுமையாக ஒழிந்திராத காலம் அது. குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்ட எத்தனையோ தாய்மார்களின் சார்பில் வந்த முதல் சாட்சியமாகவே அந்தச் சிறிய ஆய்வை நான் பார்க்கிறேன்.

அதற்குப் பின் நூற்றுக்கணக்கான ஆய்வுகள் வந்துவிட்டன. பலவும் சிறியவை, முடிவுகளில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. பல நாடுகளின் ஸ்கேன்களைத் திரட்டி ஒரே முறையில் அளந்த எனிக்மா என்ற கூட்டாய்வைத்தான் இன்று நான் அதிகம் நம்புகிறேன். 2016-இல் வெளியான அதன் மனச்சிதைவு ஆய்வில் 2,028 நோயாளிகளும் நலமான 2,540 பேரும் இடம்பெற்றார்கள். மூளையின் ஆழ்பகுதிகளில் காணப்பட்ட குறைவுகளுள் பெரியது, நினைவுக்குத் துணைநிற்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் இருந்தது. பெரியது என்றால் எவ்வளவு? நோயாளி ஒருவரையும் நலமானவர் ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்து ஒப்பிட்டால், நோயாளியின் ஹிப்போகாம்பஸ் சிறியதாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 63. நாணயத்தைச் சுண்டினாலே 50 கிடைக்கும் என்பதை மறக்காதீர்கள். மனச்சோர்வில் நிலைமை இன்னும் மெல்லியது: 1,728 நோயாளிகளையும் நலமான 7,199 பேரையும் ஒப்பிட்டபோது ஹிப்போகாம்பஸின் சராசரி வேறுபாடு 1.2 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. அதே கணக்கில் வாய்ப்பு 54. முதல் முறையாக மனச்சோர்வுக்கு ஆளானவர்களிடம் அந்த வேறுபாடும் தென்படவில்லை. நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களிடம்தான் அது தெரிந்தது.

2022-இல் வெளிவந்த ஒரு ஜெர்மானிய ஆய்வு இதை வேறொரு வழியில் காட்டியது. 1,809 பேரின் மூளை அமைப்பு, இயக்கம், நரம்பிழை இணைப்புகள் ஆகியவற்றைத் தனித்தனியே அளந்து, ஒருவர் மனச்சோர்வு நோயாளியா இல்லையா என்பதை அந்த அளவீட்டிலிருந்து மட்டும் சொல்ல முடியுமா என்று ஆய்வாளர்கள் சோதித்தார்கள். மிகச் சிறந்த அளவீடு கூட 56 விழுக்காடுதான் சரியாகச் சொன்னது. எனவே அம்மாவின் அறிக்கையில் ஒன்றும் இல்லை என்பது அவருடைய நோய் பொய் என்பதற்கோ, மருத்துவர் எதையோ தவறவிட்டார் என்பதற்கோ சான்றாகாது. கட்டி, பக்கவாதம், மூளை அழற்சி போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளவே இந்த நோய்களில் ஸ்கேன் எடுக்கிறோம்; மனச்சிதைவையோ மனச்சோர்வையோ கண்டுபிடிப்பதற்கு அல்ல.

சராசரிக்கும் தனிமனிதருக்கும் உள்ள இந்த இடைவெளியை எனக்கு நன்றாகப் புரியவைத்தது 1990-இல் வெளியான இரட்டையர் ஆய்வு ஒன்று. ஒரே கருவிலிருந்து பிறந்து, ஒருவருக்கு மனச்சிதைவு வந்து மற்றவருக்கு வராத 15 இணைகளை எடுத்துக்கொண்டு, யார் யார் என்று தெரியாத நிலையில் ஸ்கேன் படங்களைப் பார்வையிட்டார்கள். 15-இல் 12 இணைகளில், உள்ளறைகளின் அளவைக் கண்ணால் பார்த்தே நோயுற்றவர் யார் என்று சரியாகச் சொல்ல முடிந்தது. ஊராரோடு ஒப்பிடும்போது மறைந்துபோகும் வேறுபாடு, உடன்பிறந்த தன் நகலோடு ஒப்பிடும்போது தெரிந்துவிடுகிறது. மனித மூளைகள் பிறவியிலேயே அளவில் அவ்வளவு வேறுபடுகின்றன. நோயினால் வரும் மாற்றம் அந்த இயல்பான வேறுபாட்டுக்குள் மூழ்கிப்போகிறது. உங்கள் தம்பியின் மூளையிலும் ஏதோ மாறியிருக்கலாம். ஆனால் அதை அளக்க, நோய் வராத இன்னொரு தம்பி நம்மிடம் இல்லை.

இன்னொன்று, முக்கியமான மாற்றம் அளவில் இல்லை. மனச்சிதைவின் மாயக்குரல்களும் ஆதாரமற்ற சந்தேகங்களும் டோபமைன் என்ற வேதிப்பொருளோடு தொடர்புடையவை என்ற கருத்து, 1963-இல் ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் நடத்திய விலங்கு ஆய்விலிருந்து கிளைத்தது. மூளையின் ஸ்ட்ரையாட்டம் என்ற ஆழ்பகுதியில் நரம்பு முனைகள் வழக்கத்தைவிட அதிகமாக டோபமைனை உருவாக்கி வெளியிடுகின்றன என்பதைப் பிற்காலத்தில், மூளையின் வேதி நிகழ்வுகளைப் படம்பிடிக்கும் பெட் ஸ்கேன் ஆய்வுகள் நேரடியாகக் காட்டின. மருந்துகள் செய்வதெல்லாம் அந்த டோபமைன் போய்ச் சேரும் டி2 ஏற்பிகளை (நரம்பணுவின் மேல் டோபமைனைப் பிடித்துக்கொள்ளும் இடங்களை) அடைத்து நிற்பதுதான். ஏறத்தாழ 65 விழுக்காடு ஏற்பிகள் அடைபட்டால் பலருக்குப் பலன் தெரியத் தொடங்குகிறது. 80 விழுக்காட்டை நெருங்கும்போது நடுக்கம், உடல் விறைப்பு, நிலைகொள்ளாமை ஆகியவை வந்துவிடுகின்றன. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள குறுகிய சந்தில்தான் மருத்துவர் நடந்துபோக வேண்டியிருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லையே என்று அளவை ஏற்றிக்கொண்டே போவதில் பயன் இல்லாததற்கும் இதுவே காரணம்.

நோய் ஏன் பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுகிறது என்பதற்கும் ஒரு விளக்கம் உருவாகி வருகிறது. அந்த வயதில் மூளை தனக்குத் தேவையில்லாத நரம்புச் சந்திப்புகளைக் கத்தரித்துச் சீர்படுத்துகிறது. 2016-இல், நோய் எதிர்ப்போடு தொடர்புடைய சி4 என்ற மரபணுவின் சில வடிவங்கள் மனச்சிதைவின் வாய்ப்பைக் கூட்டுவதாகவும், அந்த மரபணு எலிகளில் இந்தக் கத்தரிப்பில் ஈடுபடுவதாகவும் கண்டறிந்தார்கள். கத்தரிப்பு மிகையாகிவிடுவதே நோயின் ஒரு வேராக இருக்கக்கூடும். ஆயினும் 2022-இன் பெரிய மரபணு ஆய்வு இந்நோயோடு தொடர்புடைய 287 இடங்களைக் காட்டியிருக்கும்போது, ஒரு மரபணுவின் கதையை வைத்துக்கொண்டு முடிவுக்கு வந்துவிட முடியாது.

இனி உங்களைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருவோம். மருந்து எதையும் தொடாத, புதிதாக நோயுற்றவர்களிடமும் மூளை மாற்றங்கள் காணப்பட்டிருக்கின்றன. ஆகவே எல்லாமே மருந்தின் வேலை என்பது தவறு. ஆனால் 2011-இல் நான்சி ஆண்ட்ரியசனின் குழு 211 நோயாளிகளைச் சராசரியாக 7 ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, அதிக மருந்து எடுத்தவர்களிடம் மூளைத் திசுவின் குறைவு அதிகமாக இருந்தது. நோய் கடுமையாக இருப்பவர்களுக்குத்தான் அதிக மருந்து கொடுக்கிறார்கள் என்பதால், குறைவுக்குக் காரணம் நோயா மருந்தா என்று இப்படிப்பட்ட ஆய்வினால் உறுதியாகப் பிரித்துச் சொல்ல இயலாது. நோயே இல்லாத குரங்குகளில் பிரித்துப் பார்த்தார்கள். மக்காக் குரங்குகளுக்கு 17 முதல் 27 மாதங்கள் வரை மனச்சிதைவு மருந்துகளான ஹாலோபெரிடாலோ ஓலான்சபினோ கொடுத்தபோது, மூளையின் அளவு 8 முதல் 11 விழுக்காடு குறைந்திருந்தது. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால் அந்த ஆய்வு இத்துடன் நிற்கவில்லை. அதே குரங்கு மூளைகளை நுண்ணோக்கியில் எண்ணியபோது, நரம்பணுக்கள் அழிந்ததாகத் தெரியவில்லை. அவற்றுக்கு உணவும் தாங்கலும் தரும் கிளியா வகைத் துணை அணுக்கள்தான் குறைந்திருந்தன. அளவு குறைவது எப்போதும் நிலையான இழப்பு என்றும் சொல்ல முடியாது. நலமான தன்னார்வலர்களுக்கு ஹாலோபெரிடாலை ஒரே ஒரு முறை செலுத்திய ஓர் ஆய்வில், ஸ்ட்ரையாட்டத்தின் அளவு சில மணி நேரத்துக்குள் குறைந்து, ஒரு நாளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பியது. அணுக்கள் ஒரு மணி நேரத்தில் செத்து மறுநாள் முளைப்பதில்லை. நீர்ச்சத்து, இரத்த ஓட்டம், நரம்புச் சந்திப்புகளின் ஏற்ற இறக்கம் ஆகிய பலவும் எம்.ஆர்.ஐ. படத்தில் அளவாகவே தெரிகின்றன. 'சுருக்கம்' என்ற ஒரு சொல் இத்தனை வெவ்வேறு நிகழ்வுகளுக்கும் போர்வையாகிவிட்டதுதான் உங்களைப் போன்றவர்களை வீணாக அச்சுறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

மனிதர்களிடம் இதைத் தெளிவாகச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது அதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மாயக்குரல், தவறான நம்பிக்கை ஆகியவற்றோடு கூடிய கடும் மனச்சோர்வு, ஓலான்சபினும், மனச்சோர்வு மருந்தான செர்ட்ராலினும் சேர்ந்த சிகிச்சையால் தணிந்துவிட்ட 126 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் செர்ட்ராலின் தொடர்ந்தது. ஒரு பிரிவுக்கு ஓலான்சபினும் தொடர்ந்தது, மற்றப் பிரிவுக்கு அதற்குப் பதிலாக மருந்தற்ற போலி மாத்திரை கொடுக்கப்பட்டது. 36 வாரங்களில், ஓலான்சபினைத் தொடர்ந்தவர்களுள் 20 விழுக்காட்டினருக்கும், போலி மாத்திரைக்கு மாறியவர்களுள் 55 விழுக்காட்டினருக்கும் நோய் மீண்டும் வந்தது. அவர்களுள் ஒரு பகுதியினருக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களின் முடிவு 2020-இல் வெளியானது. நலமாகவே இருந்தவர்களை மட்டும் ஒப்பிட்டபோது, ஓலான்சபின் எடுத்தவர்களின் மூளைப் புறணி (மூளையின் வெளியடுக்கு) சற்று மெலிந்திருந்தது. அதாவது மருந்துக்கு விளைவு உண்டு. ஆனால் போலி மாத்திரை எடுத்து, நோய் திரும்பியவர்களின் மூளைப் புறணியும் மெலிந்தே இருந்தது. மருந்தை விட்டால் மூளை தப்பித்துவிடும் என்ற எண்ணத்துக்கு அந்த ஆய்வு இடம் கொடுக்கவில்லை.

இதற்கு எதிர்த்தட்டில் வைக்க வேண்டியவையும் உண்டு. 2012-இல் 65 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனச்சிதைவில் மருந்தைத் தொடர்ந்தவர்களுள் 27 விழுக்காட்டினருக்கும், போலி மாத்திரைக்கு மாறியவர்களுள் 64 விழுக்காட்டினருக்கும் ஓராண்டுக்குள் நோய் திரும்பி வந்தது. பின்லாந்தில் 62,250 நோயாளிகளை 20 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த ஆய்வில், மருந்து எடுக்காத காலங்களைவிட எடுத்த காலங்களில் இறப்பு தெளிவாகக் குறைவாக இருந்தது. இது குலுக்கல் சோதனை அல்ல என்பதால் எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். ஆனாலும் மருந்து ஆளைக் கொல்கிறது என்ற பேச்சுக்கு நேர் எதிரான திசையிலேயே அந்த எண்கள் நிற்கின்றன.

அதற்காக, இன்று எடுக்கும் அளவையே வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. நெதர்லாந்தில் முதல் முறையாக நோயுற்று நலமடைந்த 103 பேரை 7 ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, தொடக்கத்தில் அளவைக் குறைக்கும் பிரிவில் இருந்தவர்களுள் 40 விழுக்காட்டினரும், வழக்கமான அளவைத் தொடர்ந்த பிரிவில் 18 விழுக்காட்டினரும் வேலை, உறவு, அன்றாட வாழ்வு ஆகியவற்றோடு முழுமையாக மீண்டிருந்தார்கள். 2013-இல் அது வெளியானபோது எனக்கு மிகுந்த நம்பிக்கை ஏற்பட்டது. ஆனால் 2023-இல் இங்கிலாந்தில் 253 பேரிடம் படிப்படியாக அளவைக் குறைத்துப் பார்த்த சோதனையில், இரண்டு ஆண்டுகளில் வாழ்க்கைத் தரத்திலோ சமூக வாழ்விலோ கூடுதல் முன்னேற்றம் தெரியவில்லை. கடுமையாக நோய் திரும்பியவர்கள் மட்டும் 13 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடாகக் கூடிவிட்டார்கள். ஆகவே, குறைப்பது சிலருக்கு நல்லது, சிலருக்குத் தீங்கு. யாருக்கு எது என்பதை முன்கூட்டியே காட்டும் சோதனை இன்றைக்கு இல்லை. தம்பி நன்றாக இருந்தால், பலன் கெடாத மிகக் குறைந்த அளவு எது என்று மருத்துவரோடு சேர்ந்து, மாதக் கணக்கில், சிறிது சிறிதாகத் தேடலாம். அது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

ஒருவேளை அவர் நன்றாக இல்லையென்றால், பேச வேண்டியது வேறு. இரண்டு வெவ்வேறு மருந்துகளைப் போதிய அளவிலும் போதிய காலமும் கொடுத்தும் பலன் இல்லையென்றால், அடுத்தது க்ளோசபின். இரத்த வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும் என்பதால் 1970-களில் பல நாடுகளில் ஓரங்கட்டப்பட்ட மருந்து இது. 1988-இல் ஜான் கேனின் குழு, பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத 268 பேரிடம் சோதித்தபோது, க்ளோசபின் எடுத்தவர்களுள் 30 விழுக்காட்டினர் 6 வாரங்களில் தேறினார்கள்; ஒப்பீட்டு மருந்தில் தேறியவர்கள் 4 விழுக்காடு. ஒழுங்கான இரத்தப் பரிசோதனையோடு கொடுத்தால் பாதுகாப்பாகக் கையாளக்கூடிய இந்த மருந்தைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடுவது எனக்கு ஆறாத வருத்தம். டி2 ஏற்பியை அடைக்காமல் மஸ்கரினிக் என்ற வேறு வகை ஏற்பிகளின் வழியே செயல்படும் சனோமெலின்-ட்ராஸ்பியம் என்ற கூட்டு மருந்து 2024-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது; ஏறத்தாழ 70 ஆண்டுகளாக டோபமைன் வாசலையே தட்டிக்கொண்டிருந்த துறைக்கு அது புதிய வாசல்.

அம்மாவின் நோய்க்கு வருகிறேன். செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் குறைந்துபோனதுதான் மனச்சோர்வு என்ற எளிய விளக்கத்தைச் சான்றுகள் தாங்கவில்லை. ஆனால் காரணம் அதுவல்ல என்பதால் மருந்து பயனற்றது என்றாகிவிடாது. காய்ச்சலுக்குக் காரணம் பாரசிட்டமால் பற்றாக்குறை அல்லவே. 2018-இல் 522 சோதனைகளை, 1,16,477 பேரின் விவரங்களோடு தொகுத்தபோது, ஆராயப்பட்ட 21 மருந்துகளும் போலி மாத்திரையைவிட மேலானவையாக இருந்தன. சராசரியில் அந்த மேன்மை மிதமானதுதான். கெட்டமின் குளுட்டமேட் என்ற வேறொரு வேதி வழியில் சென்று, பிற மருந்துகளுக்கு அசையாத மனச்சோர்வைச் சிலருக்கு 2 மணி நேரத்துக்குள் தணித்ததை 2006-இன் ஆய்வு காட்டியது. ஆனால் அந்த நிவாரணம் பலருக்கு ஒரு வாரத்துக்கு மேல் நீடிப்பதில்லை.

மின்வலிப்பு சிகிச்சை மூளையை எரித்துவிடும் என்று அம்மாவுக்கு யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். பல நாடுகளில் 281 நோயாளிகளின் ஸ்கேன்களைத் தொகுத்தபோது, அந்தச் சிகிச்சைக்குப் பின் ஹிப்போகாம்பஸ் பெரிதாகியிருந்தது. இதில் பாடம் ஒன்று இருக்கிறது: அது பெரிதான அளவுக்கும் நோயாளி தேறிய அளவுக்கும் நேரான தொடர்பு இல்லை. சுருங்கினால் கெடுதி, பெருத்தால் நன்மை என்ற கணக்கு இரண்டு திசையிலுமே உதவவில்லை. நினைவில் ஏற்படும் இடைவெளிகள் அந்தச் சிகிச்சையின் உண்மையான பக்கவிளைவு. பெரும்பாலும் சில வாரங்களில் தெளியும், சிகிச்சைக் காலத்தை ஒட்டிய சில நினைவுகள் திரும்பாமலும் போகலாம்.

அம்மா மாத்திரையைத் தொடர வேண்டுமா என்பதற்கு 2021-இல் இங்கிலாந்தில் நடந்த சோதனை உதவும். நெடுநாள் மாத்திரை எடுத்து, இப்போது நிறுத்தலாம் என்று தாமே நினைக்கும் அளவுக்கு நலமாக இருந்த 478 பேரில், தொடர்ந்தவர்களுள் 39 விழுக்காட்டினருக்கும் படிப்படியாக நிறுத்தியவர்களுள் 56 விழுக்காட்டினருக்கும் ஓராண்டில் நோய் திரும்பியது. நிறுத்தியும் நூற்றுக்கு 44 பேர் நலமாக இருந்தார்கள், தொடர்ந்தும் நூற்றுக்கு 39 பேருக்கு வந்தது என்பதையும் சேர்த்தே பாருங்கள். மூன்று முறை வந்த வரலாறு இருப்பதால் தொடர்வதன் பக்கமே நான் சாய்வேன்; அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்ற பேச்சுவழிச் சிகிச்சையையும் சேர்த்துக்கொண்டால், பிற்பாடு குறைப்பதற்கு ஓரளவு பிடிமானம் கிடைக்கும். என்றாவது குறைக்கத் தொடங்கினால், முதல் சில நாட்களுக்குள் வரும் தலைச்சுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு ஆகியவை பெரும்பாலும் மருந்து விலகுவதன் அறிகுறிகள். வாரங்கள் கழித்து மெல்ல வரும் உறக்கக் கேடும் ஆர்வமின்மையும்தான் நோய் திரும்புவதைச் சொல்பவை. முன்னதைப் பின்னதாக எண்ணிப் பயந்து மாத்திரைக்குத் திரும்பியவர்களும் உண்டு, பின்னதை முன்னதாக எண்ணிக் காலம் தாழ்த்தியவர்களும் உண்டு.

தம்பியை அடுத்த முறை அழைத்துச் செல்லும்போது இன்னோர் எம்.ஆர்.ஐ. கேட்காதீர்கள். எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்தச் சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் குறித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். இந்த நோயாளிகளின் ஆயுளைப் பத்து, பதினைந்து ஆண்டுகள் குறைப்பதில் பெரும்பங்கு இதயநோய்க்கு உண்டு. மூளையின் மில்லிமீட்டர்களைப் பற்றிய கவலையில் அது மறந்துபோகிறது. மருந்தினால் எடை ஏறியிருந்தால், வேறு மருந்துக்கு மாறுவது அல்லது சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மினைச் சேர்ப்பது பற்றி மருத்துவர் யோசிப்பார். தம்பி புகைபிடிப்பவரானால் அதையும் சொல்லிவிடுங்கள்: புகை, க்ளோசபினையும் ஓலான்சபினையும் ஈரல் வேகமாகக் கழிக்கும்படி செய்கிறது, திடீரென்று புகையை விட்டால் அதே அளவு மாத்திரை இரத்தத்தில் கூடிவிடும்.